மூன்றாம் ஸ்டாண்டில் நின்ற குளிர்

நடந்ததைத்தான் சொல்கிறேன். பேய் பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவர்கள் மேல் எனக்கு எப்போதுமே இளக்காரம்தான். இப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதானால் தாராளமாகச் சிரியுங்கள். நடந்தது மாறப்போவதில்லை.

என் பெயர் சசிரேகா. ஆலைகளில் இயந்திரங்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளந்து சொல்வது என் வேலை. சத்தம், அதிர்வு, சூடு இவற்றை வைத்தே எது எப்போது உடையும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

போன வருஷம் மே மாதம். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு ரோலிங் மில். பழுக்கக் காய்ச்சிய இரும்பை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, திரும்பத் திரும்ப நசுக்கி, கம்பியாக்குவார்கள். உருளைகள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கூட்டுக்கும் ஸ்டாண்ட் என்று பெயர்.

மேனேஜர் மோகன்குமார் வாசலிலேயே வரவேற்றார். மடிப்பு கலையாத சட்டை, மில் தூசி ஒரு நாளும் படாத ஷூ. எல்லா ஸ்டாண்டிலும் அதிர்வு பார்க்கும் சென்சார் மாட்டியிருப்பதைப் பெருமையாகக் காட்டினார். மூன்றாவது ஸ்டாண்டில் மட்டும் ஒயர் பிடுங்கிக் கிடந்தது.

"இது ஏன் சார் இப்படி?"

"சும்மா சும்மா கத்துது மேடம். தலைவலி."

"உருளையத் தாங்குற பேரிங் தேஞ்சா கத்தத்தான் செய்யும்."

"அதுக்குத்தான் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கோமே. நீங்க நார்மல்னு போட்டுக் குடுத்துடுங்க. சாப்ட்டுட்டுப் போலாம்."

கட்டித்தான் இருந்தது. அந்தச் சூட்டில் கறுத்துச் சுருங்கி, கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பொறியியல் படித்தவர். மாலை போட்டு அறையில் மாட்டியிருந்த பட்டத்தையும் காட்டியிருந்தார். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

மூன்றாவது ஸ்டாண்டில் இடுக்கியோடு நின்றவன் செந்தமிழன். புள்ளலூர்க்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். அந்த இடத்துக்குப் புதுசு. முன்பு அங்கே நின்றவர் எங்கே என்று கேட்டேன்.

"ஊருக்குப் போயிருக்கான்" என்றார் மோகன்குமார். செந்தமிழன் தலையைக் குனிந்துகொண்டான்.

காலை பதினோரு மணி. வெட்ட வெளிச்சம். நாய் ஊளையிடவில்லை, மல்லிகை மணக்கவில்லை. பேய்க்கதைக்காரர்கள் அடுக்குகிற எந்தச் சாமானும் அங்கே கிடையாது. கூரைத் தகரம் கொதித்தது. உலை இரைந்தது.

சூடு பார்க்கும் கேமராவை எடுத்தேன். அதில் முகம், நிறம் எதுவும் தெரியாது. சூடு மட்டும்தான் தெரியும். அதிகச் சூடு வெள்ளை. ஆட்கள் செம்மஞ்சள். குளிர்ந்தது நீலம்.

மூன்றாவது ஸ்டாண்டைப் பார்த்தேன். பேரிங் இருந்த பெட்டி வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் செந்தமிழன், செம்மஞ்சளாக.

பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் இன்னொரு ஆள்.

நீலமாக.

கேமராவை இறக்கி வெறும் கண்ணால் பார்த்தேன். செந்தமிழன் மட்டும்தான் நின்றான். சரி, பிரதிபலிப்பு. பளபளப்பான இரும்பு கண்ணாடி மாதிரி. அளக்க வந்தவரின் உருவமே அதில் விழும். இது தெரியாமல் அலறி ஓடியவர்களை நானே கேலி செய்திருக்கிறேன்.

இரண்டடி தள்ளி நின்று மறுபடி பார்த்தேன். பிரதிபலிப்பு என்றால் அதுவும் நகர வேண்டும்.

நகரவில்லை.

லென்ஸைத் துடைத்தேன். அணைத்துப் போட்டேன். அப்படியேதான் இருந்தது. அகலமான தோள். ஒரு பக்கம் சாய்ந்த தலை. அந்தக் கொதிப்பில், ஐஸ் கட்டியைச் செதுக்கி நிறுத்தியது போல.

கிட்டே போனேன். செந்தமிழன் திரும்பினான்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. ரொம்ப சூடா இருக்கா?"

"இல்லக்கா. இந்த எடத்துல மட்டும் காலைல இருந்து சில்லுனு கீது."

கையை நீட்டினேன். ஐஸ் பெட்டியைத் திறந்தது மாதிரி... விரல் மரத்துப் போனது.

ஓடிப் போய் மோகன்குமாரிடம் மில்லை நிறுத்தச் சொன்னேன். பேரிங்கை மட்டும்தான் காரணமாகச் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கே வெட்கம்.

"உலைல போட்ட சரக்கு முடியட்டும் மேடம்" என்று போனைப் பார்த்தபடியே சொன்னார்.

திரும்பி வந்து கேமராவை உயர்த்தினேன்.

அந்த ஆள் இப்போது ஸ்டாண்ட் பக்கம் திரும்பி நின்றிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பேரிங் பெட்டியின் மேல் அழுத்தியிருந்தார். வெளுத்த பெட்டியில், கை பட்ட இடம் மட்டும் நீலமாகப் படர்ந்தது. தாங்கிப் பிடிக்கிறவர் போலத் தோள் நடுங்கியது.

நீலம் மெல்லச் சிறுத்தது.

விரல்கள் சிவந்தன... பிறகு மஞ்சள்...

கிர்ர்ர்ர்...

பேரிங் அலறியது.

அந்தத் தலை என் பக்கம் திரும்பியது. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. வெறும் நீலம். ஆனால் என்னைத்தான் பார்த்தது.

"செந்தமிழா, இந்தப் பக்கம் வா."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. இடுக்கியைப் போட்டுவிட்டு வந்தான்.

மூன்று எட்டு வைத்திருப்பான்.

டமார்.

பெட்டி பிளந்தது. செக்கச் சிவந்த கம்பி வழி தவறி, எகிறி, அவன் நின்ற இடத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் சுருண்டது.

கேமராவில் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. நீலம் எங்கேயும் இல்லை.

மோகன்குமார் அப்போதுதான் வெளியே வந்தார். யாருக்காவது அடிபட்டதா என்று அவர் கேட்கவில்லை.

"எப்போ மறுபடி ஓட்டலாம்?" என்றார்.

செந்தமிழனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ரோட்டோர வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். அங்கேதான் சொன்னான்.

"எனக்கு முன்ன நின்ன பெருமாள் அண்ணன் ஊருக்குப் போவலக்கா. போன வாரம் அதே எடத்துல இரும்புத் துண்டு தெறிச்சுத் தலைல அடிச்சிச்சு. நேத்து ராத்திரி ஆஸ்பத்திரில செத்துப் போய்ட்டாரு. வண்டில வுழுந்துட்டாருன்னு சொல்லச் சொல்லி மேனேஜரு எங்கள மெரட்டி வச்சிகீறாரு."

நார்மல் என்று நான் எழுதவில்லை. நடந்ததை எழுதி, மில்லை மூடவைக்க அதிகாரம் உள்ளவர்களிடம் நேரில் கொடுத்தேன். செந்தமிழன் சாட்சி சொன்னான். மில்லை மூடினார்கள். மோகன்குமார் இன்று வரை வேறு மில் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மானாம்பதிக்குப் போனேன். பெருமாளின் மனைவி செங்கேணி பாய் போட்டு உட்காரச் சொன்னார். நான் கேமராவில் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"மவ ஏஞ்சல் பெங்களூர்ல இருந்து வரணும்னு மறுநா காலைலயே அவர ஐஸ் பொட்டில வச்சிருந்தோம்மா. பதினொண்ணே காலு இருக்கும். கண்ணாடி உள்பக்கம் வேத்துச்சு. கரண்ட்டு கீது, பொட்டி ஓடிக்கினுதான் கீது. தொறந்து தொட்டுப் பாத்தேன். ஒடம்பு அனலாக் கொதிச்சுது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தலைலதாம்மா அடி. கையில ஒரு கீறல்கூட இல்ல, நான்தான் தொடச்சி வுட்டேன். பொட்டியத் தொறந்து பாத்தா ரெண்டு உள்ளங்கையும் வெந்து, தோலு உரிஞ்சி கீது."