பரவால்லைக்கு எத்தனை மார்க்

வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அக்காவை முதல்முதலில் நான் பார்த்தது அப்படித்தான். ஏரித் தண்ணீரில் தோள் நனையக் குந்தியபடி, இரண்டு கையாலும் அடிச் சேற்றைத் துழாவி இறால் தேடிக்கொண்டிருந்தாள். பனையோலையில் முடைந்த பறி மோவாய்க்குக் கீழே மிதந்தது. அதன் கயிறு அவள் பல்லில் இருந்தது. நான் கரையில், அட்டையில் செருகிய படிவத்தோடு நின்றேன். "அக்கா, படகுத்துறை வந்ததுக்கு அப்புறம் உங்க தொழில் எப்படி இருக்கு?" என்று கத்தினேன். கையில் சிக்கிய இறாலைப் பறிக்குள் போட்டுவிட்டு, கயிற்றைப் பல்லிலிருந்து எடுத்து, "பரவால்ல" என்றாள். உடனே மறுபடியும் கடித்துக்கொண்டாள். நான் நாலு என்று போட்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பேக்கிங் கம்பெனி ஆட்களைக் குறைத்த சமயம் அது. யாரோ சொல்லி இந்தக் கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். பேட்டைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிக் கிடக்கிற உப்புத்தண்ணீர் ஏரியில் சுற்றுலாத் திட்டம் ஒன்று வந்திருந்தது. படகுத்துறை, பறவை பார்க்கக் கோபுரம், டிபன் கடைகள். அந்தத் திட்டம் ஊரின் நீடித்த வளர்ச்சிக்கு எவ்வளவு உதவியிருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஒன்று என்றால் ரொம்ப மோசம், ஐந்து என்றால் நல்ல முன்னேற்றம். பயிற்சி கொடுத்த சார் நல்ல மனிதர்தான். "ஜனங்க நேரா நம்பர் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் புரிஞ்சிக்கணும். சூப்பர்னா அஞ்சு, பரவால்லன்னா நாலு" என்றார். நாங்கள் எல்லோரும் அதை எழுதிக்கொண்டோம். எங்கள் வீட்டிலேயே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை புழங்குகிற சொல். அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

எனக்குப் பேச்சு கேட்பது என்றால் சோறு வேண்டாம். படிவத்தில் இடம் இல்லாத பேச்சையெல்லாம் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். அக்காவையும் சேர்த்து இறாலுக்குப் போகும் பெண்கள் மொத்தம் ஏழு பேர். கரையேறி நாஷ்டா சாப்பிடும் நேரத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அவர்கள் வைத்த பெயர் பேப்பரு. "இன்னாம்மா பேப்பரு, நேத்து நல்லா இருந்தமே, இன்னிக்கும் நல்லா கீறமான்னு பாக்க வந்தியா?" என்பாள் அக்கா. நீடித்த வளர்ச்சி என்று நான் படித்ததும் அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி, "நீட்டிக்கினே போவுமே ரேஷன் கடை வரிசை, அதாட்டமா?" என்றாள். இன்றைக்கு வரும் நல்லது பிள்ளைகள் காலத்திலும் கெடாமல் இருக்க வேண்டும், அதுதான் அர்த்தம் என்று விளக்கினேன். அக்கா இட்லியை மென்றுகொண்டே, "அப்ப புள்ளைங்க வளந்து வந்து சொல்லட்டும். எங்கள இன்னாத்துக்குக் கேக்கற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் நாலு நாலாகப் போட்டுக்கொண்டே போனேன்.

ஒருநாள் அந்தக் கொழுந்தன் பெண்டாட்டியைக் காணோம். அவளுடைய தாள் பாதியில் நின்றிருந்ததால் வீட்டுக்கே போனேன். உள்ளே போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். வாசலில் அக்கா. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "தண்ணி குடிச்சிட்டா" என்றாள். குடிநீர் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. நான் பேனாவைத் திறந்துகொண்டு, "எந்தக் குழாய்லக்கா?" என்று கேட்டேன். உள்ளே படுத்திருந்தவள் இருமலுக்கு நடுவே சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "குழாய்ல இல்லம்மா. ஏரில" என்றாள்.

அப்புறம்தான் மெல்ல விஷயம் வந்தது. ஆட்களை ஏற்றிய படகு அடியில் தட்டாமல் போக வேண்டும் என்று துறையிலிருந்து ஏரிக்குள் நீளமாக ஒரு வாய்க்கால் தோண்டியிருந்தார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே நிறத் தண்ணீர். இந்தப் பெண்கள் வருஷக்கணக்காக நடந்த தரை அங்கே திடீரென்று அற்றுப்போகிறது. கொழுந்தன் பெண்டாட்டி துழாவிக்கொண்டே பின்னால் நகர்ந்திருக்கிறாள். அக்கா திரும்பிப் பார்த்தபோது பறி மட்டும் மிதந்திருக்கிறது. தலைமுடி கையில் சிக்கியதால் பிழைத்தாள். "நீந்தத் தெரியாதாக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன். "எட்டு வயசிலேர்ந்து தண்ணிலதான் கீறேன். காலு எட்டற தண்ணில நீச்சலு எதுக்கு?" என்றாள்.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அக்கா குரலை இறக்கினாள். "எங்க ஊட்டுக்காரரு அந்த போட்டுதான் ஓட்டறாரு. மாசம் பொறந்தா டப்பு வருது. நீ வந்து ஊட்டுக்கு ஒரு பேப்பரு வச்சிக்கினு எப்படி கீதுன்னு கேக்கற. அவருக்கு நல்லா கீது. எனக்கு பயமா கீது. ரெண்டையும் சேத்து நான் இன்னா சொல்லட்டும்? பரவால்லன்னேன்." பிறகு, அதுவரை நான் அவளிடம் கேட்டிராத ஒரு கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள். "ரெண்டாவது வாய்க்காலு கெழக்கால தோண்டப் போறாங்களாமே. நாங்க இப்ப அங்கதான் தள்ளிப் போயிக்கறோம். அங்கயும் தோண்டிட்டா எங்க போயி நிக்கறது?" அந்த வாய்க்கால் வரும் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைப்பது எங்கள் மதிப்பெண்ணைப் பொறுத்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை என்னையும் தண்ணீரில் இறக்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முழங்கால், தொடை, இடுப்பு. சேறு மெத்தென்று இருந்தது. வெயில் ஏறாத அமைதியான ஏரி. தூரத்தில் கொக்குகள். இவ்வளவு அழகான இடத்தில் இப்படி ஒரு பயமா என்று நினைத்துக்கொண்டே அடுத்த காலை வைத்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. கால் தேடிக்கொண்டே கீழே போனது. மூக்கு வரை தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு நொடிதான் இருக்கும். மாடிப்படி இறங்கும்போது படி முடிந்து தரை வந்துவிட்டது என்று நம்பிக் கால் வைத்தால் நெஞ்சு ஒரு தரம் தூக்கிப் போடுமே, அது நிற்காமல் நீண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அக்கா இழுத்து நிறுத்தினாள். நான் அவள் தோளைக் கட்டிக்கொண்டேன். "எழுதிக்கோ பேப்பரு. இதுக்கு எத்தினி மார்க்கு?" என்றாள். கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்தாள் போலிருக்கிறது. கரை ஏறும்வரை என் கையை அவள் விடவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். தாள்கள் எல்லாம் கணினியில் ஏறியாகிவிட்டது, ஊரில் முடிவை வாசிக்கும் கூட்டத்தில் ஜனங்களே பேசட்டும் என்றார். கூட்டம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஆரஞ்சு நிற பனியன் போட்ட படகுக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். அவர்களில் அக்காவின் வீட்டுக்காரரும் இருந்தார். பெண்கள் பாதுகாப்பு, நாலு மதிப்பெண் என்று சார் வாசித்தார். அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருக்கு?" அக்கா எழுந்தாள். ஒரு தரம் சுவரோரம் பார்த்தாள். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவர் தலையாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்தக் காகிதச் சத்தத்தில் எனக்கு மறுபடியும் கால் எட்டாமல் போனது. நான் அந்த ஊர்க்காரி இல்லை. பேசினால் எனக்கு வேலை போகும். பேசினால் அக்காவின் வீட்டுக்கும் ஏதாவது வரும் என்று அப்போதே தெரிந்தது. அதுதான் அதிக பயம். ஆனால் எழுந்துவிட்டேன். "சார், அந்த நாலெல்லாம் நான் போட்டது. தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பஸ்ல ஒருத்தர் நம்ம கால மிதிச்சிட்டா நாம என்ன சொல்றோம் சார்? பரவால்லன்னுதான சொல்றோம். அவங்க சொன்னது அந்தப் பரவால்ல." பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார். அக்கா மறுபடியும் சுவரோரம் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நீங்களே எறங்கிப் பாருங்க சார். நான் கைய புடிச்சிக்கறேன்."

அவர் இறங்கவில்லை. ஆனால் கழியை விட்டு ஆழம் பார்க்கச் சொன்னார். கிழக்கே தோண்டும் வேலை மறு ஆய்வு வரை நிறுத்தி வைக்கப்பட்டது, இன்றுவரை தொடங்கவில்லை. பழைய வாய்க்கால் அப்படியேதான் இருக்கிறது. ஓரத்தில் அடையாளத்துக்கு நட்ட கொம்புகளை ஒரு மழைக்காலம் கொண்டுபோனது. எனக்கு அடுத்த கணக்கெடுப்புக்கு அழைப்பு வரவில்லை. நான் காக்களூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டேன். அக்காவின் வீட்டுக்காரருக்குப் படகு இல்லை என்று ஆனது. காரணம் யாரும் சொல்லவில்லை. அவர் இப்போது காலை பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது தூங்கியிருப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். துறையில் நல்ல கூட்டம். கிழக்கே பெண்கள் தண்ணீரில் இருந்தார்கள், தலைகள் மட்டும் தெரிந்தன. அங்கே போகப் பழைய வாய்க்காலைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆட்களை ஏற்றிய படகு ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. அலை அந்தத் தலைகள் மேல் போய் விழுந்தது. என் பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா, "அவங்கல்லாம் குளிக்கிறாங்களா?" என்று கேட்டார். "கொஞ்சம் இருங்க" என்றேன். எண்ணிப் பார்த்தால் ஆறு தலைதான் இருந்தது. முதலிலிருந்து எண்ணினேன். அப்போதும் ஆறு. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு ஏழாவது தலை எழுந்து, முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டது. அதற்குள் படகு திரும்பி வந்துகொண்டிருந்தது.