சென்னிமலை எடுக்காத குடம்

கிணற்றில் இறங்குமுன் சென்னிமலை விரல்நுனிச் சுண்ணாம்பை மேட்டுக் கல்லில் ஒட்டிவைப்பான். விழுந்த குடத்தோடு மேலே வந்ததும் அதை வழித்து வெற்றிலையில் தடவிக்கொள்வான். அந்தச் சுண்ணாம்பு காய்ந்து யாரும் பார்த்ததில்லை. பல்லடத்தைச் சுற்றியுள்ள தோட்டத்துக் கிணறுகளில் எது விழுந்தாலும் முங்கி எடுப்பவன் அவன்தான்.

அவன் வயதுக்காரனான தம்பிதுரைக்கு அந்தச் சுண்ணாம்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊரிலேயே முதல் ஆளாகப் படித்து, கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டரானவன் அவன். லீவில் வீட்டுக்கு வந்தால் அம்மா மயிலாத்தாளின் பேச்சு எப்படியோ கிணற்றுக்குப் போய்விடும்.

"நீ படிச்சதென்னமோ மெய்தான் கண்ணு. அவனாட்டம் மூச்சடக்க முடியுமா உன்னால?"

ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு மூக்கைப் பிடித்துப் பார்த்தான். இருமல்தான் வந்தது. "பொடி கிடி போடறயா சாமி?" என்றாள் அம்மா வெளியிலிருந்து.

1936 ஆடியில் மயிலாத்தாளின் சீர்க்குடம் கிணற்றில் விழுந்து பாறைச் சந்தில் சிக்கியது.

"வெசனப்படாதீங்க பெரீம்மா. நானே எடுத்துத் தாரனுங்க. வேற ஆரையும் எறங்க உட்ராதீங்க" என்றான் சென்னிமலை.

மறுநாள் காலை சுண்ணாம்பை ஒட்டிவிட்டு இறங்கியவன் ஈரப் படியில் வழுக்கினான். தண்ணீருக்கு மேலேயே, நீட்டிய கல்லில் மண்டை மோதிக் கிடந்தான். ஓடிவந்தவர்கள் பார்க்கும்போது வாயிலும் மூக்கிலும் இளஞ்சிவப்பாய் நுரை. கிணற்றடியில் நுரை தள்ளினால் தண்ணீர் குடித்தவன்தான் என்பது ஊர்க் கணக்கு. பானைமேல் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கினார்கள். தலையை எவரும் பார்க்கவில்லை. சாயங்காலம் தம்பிதுரையின் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது.

"முங்கறவனையே கெணறு குடிச்சுப்போட்டுதுங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துச் சுப்பண்ணன். ஊரும் அதையே சொன்னது. தம்பிதுரைக்கு அந்தப் பேச்சு இனித்தது. இனித்ததற்காகக் கூசவும் செய்தது.

உடலை அறுத்துப் பார்த்தபோது தம்பிதுரையும் உடனிருந்தான். நுரையீரல்கள் நனைந்த பஞ்சாய்க் கனத்தன. ஆனால் மூச்சுக்குழலில் பாசியில்லை, மணலில்லை. மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளிலும் ரத்தம் கசிந்திருந்தது. "மூளையில் விழுந்த அடி இவ்வளவு தூரம் பாயும்" என்றார் பெரிய டாக்டர் ஞானாபரணம்.

கருமாதியன்று எல்லோர் முன்னாலும் அம்மா கேட்டாள்: "நெசமாலுமே அவன் தண்ணிகிட்டத் தோத்தா செத்தான், கண்ணு?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நாக்குவரை வந்தது.

"இல்லீங்கம்மா. தண்ணி அவனைத் தொடவே இல்லீங்க. மண்டையில பட்ட அடி ஒடம்பையே உலுக்கிப்போட்டுது. அந்த உலுக்கல்ல ரத்தத்து நீரே நுரையீரலுக்குள்ள கசிஞ்சு ரொம்பிப்போச்சு. பயந்தா நெஞ்சு படபடக்குதில்லீங்க, அதைத் தூண்டற சுரப்பியும் ரத்தங்கட்டிப்போச்சுங்க."

மயிலாத்தாள் முகம் தெளிந்தது. "கேட்டீங்களா சுப்பண்ணா? அவன் தோக்குல!"

தன் படிப்பு சபையேறிய நாளும் சென்னிமலை பேருக்கே போய்ச் சேர்ந்ததைத் தம்பிதுரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "பாதாளக் கரண்டி போட்டு நானே குடத்தை எடுத்துத் தாரனுங்கம்மா."

"வேண்டாஞ் சாமி. அது அவன் எடுத்துத் தாரன்னு சொன்ன கொடம். கெடக்கட்டும்."

மேட்டுக் கல்லில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. குடம் இன்னும் பாறைச் சந்தில்தான் கிடக்கிறது.