நான் விழுங்கிய அடிக்குறிப்புகள்

பார்த்து எழுதினால் பள்ளிக்கூடத்தில் உதை விழும். பார்த்து எழுதித் தரச் சொல்லி ஆள் தேடி வருவது டைப் அடிக்கும் எங்கள் தொழிலில் மட்டும்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆவடியில், பூந்தமல்லி சாலைப் பக்கம், ஒரு மளிகைக் கடையின் மாடியில் உட்கார்ந்து ஆய்வேடுகள் அடித்துக் கொடுத்தேன். இரண்டு ஆங்கில மிஷின், ஒரு தமிழ் மிஷின், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பி.எட்., எம்.ஃபில்., தபால் வழிப் படிப்பு என்று யாராவது நோட்டும் கையுமாகப் படியேறி வந்துகொண்டே இருப்பார்கள். இதைப் படிக்கும் உங்களில் டைப் அடித்தவர்களும் இருப்பீர்கள், அடிக்கக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களும் இருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் பட்ட பாடு தெரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். என் பிள்ளைகளிடம் இதுவரை சொன்னதில்லை.

படம் நான்கு

டைப் அடிப்பவர்கள் படிக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மூளை படிக்காது, உண்மைதான். ஆனால் விரல் படிக்கும். பட்டாபிராம் சேகர் என்று ஒரு பி.எட். மாணவர், டுடோரியலில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். அவர் நோட்டில் முதல் இரண்டு பக்கம் ‘மாணவர்கள் நிலைமை ரொம்பக் கஷ்டம்’ என்கிற மாதிரி போகும். மூன்றாம் பக்கத்தில் திடீரென்று ‘சமூகப் பின்புலத்தில் வைத்து நோக்குங்கால்’ என்று ஆரம்பித்துவிடும். அந்த ‘நோக்குங்கால்’ வரியை அதற்கு முந்தின மாதம்தான் வேறு ஒருவருக்காக அடித்திருந்தேன்.

போகப் போக, காப்பியைக் கண்டுபிடிக்க எனக்கே சில அடையாளங்கள் பழகிவிட்டன. நடுப்பக்கத்தில் நடை மாறும். இரண்டு இயல்தான் இருக்கும், ‘ஐந்தாம் இயலில் கண்டது போல’ என்று எழுதியிருக்கும். சேகர் நோட்டில் ‘படம் 4-ல் காண்க’ என்று இருந்தது. அதில் ஒரு படம்கூடக் கிடையாது. படம் எங்கே தம்பி என்று கேட்டேன். சேகர் கொஞ்சம்கூட அசரவில்லை. “படம் இல்லன்னா இன்னாக்கா, உங்கிட்ட எதுனா ஒண்ணு இருந்தா ஒட்டிவுடேன்!”

கணவருக்கு நன்றி

அதே சேகரின் நன்றியுரையை அடிக்கும்போது, ‘குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு என் ஆய்வுக்குத் தோள் கொடுத்த அன்புக் கணவருக்கு’ என்று ஒரு வரி வந்தது. சேகருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தால் கூசுகிறது, ஏனென்றால் ஒரு பெண் எழுதிய அந்த ஆய்வேட்டை அவருக்கு மாதிரிக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஒவ்வொரு ஆய்வேட்டிலும் கடைசிக் கார்பன் பிரதி மங்கலாக வரும். யாரும் கேட்க மாட்டார்கள். அதை அலமாரியில் போட்டு வைப்பேன். புதிதாக வருகிறவர்கள் “ஒரு மாடல் காட்டுங்க” என்றால் தாராளமாகத் தூக்கிக் கொடுப்பேன். எழுதியவர்களிடம் கேட்க வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. கணவரை எடுத்துவிடட்டுமா என்று சேகரைக் கேட்டதற்கு அவர் சொன்னார்: “இர்க்கட்டும்க்கா, எல்லாரும் போட்டுக்கீறாங்க, நாம மட்டும் வுட்டா கைடு இன்னா நெனைப்பாரு?”

ஒன்பதாம் நம்பர்

நூற்பட்டியல் என்று கடைசியில் ஒன்று வேண்டுமே, எந்தெந்தப் புத்தகத்தைப் பார்த்தோம் என்று? அதற்கு என்னிடம் ஒரு தயார்ப் பட்டியல் இருந்தது. இருபத்திரண்டு புத்தகம், அகர வரிசையில், ஆசிரியர், பதிப்பகம், வருஷம் எல்லாம் சுத்தமாக. பல பேருக்கு அதையே அடித்துச் சேர்த்திருக்கிறேன். பட்டியல் எங்கே என்று கேட்டு, இல்லையென்றால் நானே, “கவலைப்படாதீங்க, நான் போட்டுக்கறேன்” என்று சொல்வேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு.

செவ்வாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பட்டியலின் ஒன்பதாவது புத்தகத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். அவள் மறுநாளே படியேறி வந்தாள். அந்தப் புத்தகம் எனக்கும் தெரியாது. அது என் பட்டியலுக்குள் எப்படி வந்தது என்றே தெரியாது. “அக்கா, அந்த ஒம்போதாவது புக்கு எங்க கிடைக்கும்? அத ரெண்டு தரம் படிச்சிருக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

சுத்தமான பக்கம்

இனி நான் சொல்லப்போவது புரிய, அடிக்குறிப்பு எங்களுக்கு ஏன் எமன் என்று தெரிய வேண்டும். இந்தச் செய்தி இன்ன புத்தகத்தில் இன்ன பக்கத்தில் எடுத்தது என்று பக்கத்தின் அடியில் போட வேண்டும். அதற்கு எத்தனை வரி ஆகும் என்று முன்கூட்டியே எண்ணி, பென்சிலால் கோடு போட்டு, அந்த இடத்தை விட்டு அடிக்க வேண்டும். மேலே குறிப்பு எண்ணை அரை வரி தூக்கி அடிக்க உருளையைக் கையால் திருக வேண்டும். திருகினால் உள்ளே இருக்கும் கார்பன் நகரும். நகர்ந்தால் கீழ்ப் பிரதிகள் எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரியும். முழுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

அதனால் நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். “இப்பல்லாம் அடிக்குறிப்பு யாரும் போடறதில்லை, பழைய ஸ்டைல்” என்று வருகிறவர்களிடம் அடித்துச் சொன்னேன். மாடியில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட்டுக்குப் பல்கலைக்கழகமே தான்தான் என்று நினைப்பு. பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்கு அது வசதியாக இருந்தது. சேகர் ஒரு நண்பரைக் கூட்டி வந்து, என் வேலையை விரித்துக் காட்டிப் பெருமைப்பட்டார்: “பாரு மாமே, பக்கம் எவ்ளோ சுத்தமா கீது, ஒரு நம்பர் கூட இல்ல!”

பாக்கியம் டீச்சர்

பாக்கியம் டீச்சருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொண்டே எம்.ஃபில். படித்தார். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரை ஊர்கள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்பதுதான் அவருடைய ஆய்வு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய், மடை மடையாக நடந்து, விவசாயிகளிடம் கேட்டு எழுதி வந்தவர். அவர் நோட்டு மாதிரி ஒரு நோட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண். கீழே, சொன்னவர் பெயர், வயது, ஊர், சொன்ன தேதி. புத்தகத்திலிருந்து எடுத்தது என்றால் பக்க எண் வரைக்கும். பிறர் வாசகம் அத்தனைக்கும் மேற்கோள் குறி.

டீச்சரிடம் என் சட்டம் பலிக்கவில்லை; முதல் இரண்டு இயலும் குறிப்புகளோடு ஒழுங்காகவே அடித்தேன். மூன்றாவதில் மட்டும் அறுபது குறிப்புக்கு மேல். பாதிப் பக்கங்களைக் கிழித்துப் போட்ட எரிச்சலில், “மூணாவதுக்கு மட்டும் குறிப்பையெல்லாம் கடைசியில சேத்துடறேன் டீச்சர்” என்றேன். சரி என்றார். எண்ணையும் மேற்கோள் குறியையும் விட்டுவிட்டு மடமடவென்று அடித்து முடித்தேன். பிறகு அந்தக் கடைசிப் பக்கங்களை அடிக்கவே இல்லை. மறந்துபோனேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் மறக்கவில்லை. சமர்ப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது, பூந்தமல்லி பைண்டர் அவசரப்படுத்தினார், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கட்டுக்கு அனுப்பிவிட்டேன். கட்டி வந்த பிரதிகளை வாங்க டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஓடி வந்தார். “எல்லாம் வந்திருச்சுல்லா?” என்று கேட்டார். வந்தாச்சு டீச்சர் என்றேன். அவர் புரட்டிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்க அடிச்சா நான் திரும்பப் பாக்கவே வேண்டாம், ரெஜினா.”

நோட்டுப் புத்தகம்

அந்த மூன்றாம் இயலில் டீச்சர் மேற்கோள் காட்டியிருந்த மூன்று பக்கங்களை எழுதியவர்தான் தேர்வாளராக வந்தார். ஏரிப் பாசனத்தைப் பற்றி எழுதியவர்களே நாலைந்து பேர். அவரிடம் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் எழுத்து அப்படியே இருந்தது. அவர் பெயர் மட்டும் இல்லை. “மத்த இயலுக்கெல்லாம் குறிப்பு போட்டிருக்கீங்க. அப்போ போடத் தெரியும். இங்க மட்டும் தெரிஞ்சேதானே விட்டிருக்கீங்க?” என்று வைவாவில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். டீச்சர் நோட்டைக் கொண்டு போகவில்லை. ஆய்வேட்டைத் திருப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் என் மாடிக்கு வந்து, மிஷின் பக்கத்தில் கட்டுப் பிரதியை வைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உங்க நோட்டுல இருந்ததைத்தான் டீச்சர் அடிச்சேன்.” யோசிக்காமல் வந்த பொய்; வாயில் தயாராகவே இருந்திருக்கிறது. அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, மூன்றாம் இயலைத் திறந்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். எண்கள் சிவப்பு மையில் இருந்தன. பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை: “நான் உங்களத் திட்ட வரல, ரெஜினா. பரீச்சையில காப்பி அடிக்குற பிள்ளைய எழுப்பி நிறுத்துறவ நான். நாளைக்கு அந்த வகுப்புல எப்படி நிப்பேன்?”

ஒரு கடிதம்

குறிப்புகளை விட்டது டைப் அடித்தவர்தான் என்று எழுதிக் கொடுத்தால் தம் கைடிடம் காட்டிப் பார்ப்பதாக டீச்சர் சொன்னார். உடனே தாளைச் செருகினேன். ‘மேற்படி ஆய்வேட்டில் மூன்றாம் இயலின் அடிக்குறிப்புகள் தட்டச்சின்போது விடுபட்டுவிட்டன எனத் தெரிவிக்கப்படுகிறது.’ வரி கோணாமல், ஓர் எழுத்து பிசகாமல் அடித்தேன். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பெஞ்சில் நாலு பேர், அவர்கள் மடியில் நாலு நோட்டு. ரெஜினாவிடம் கொடுத்தால் குறிப்பை விழுங்கிவிடுவாள் என்று ஆவடி முழுக்கப் பேசுவார்களே என்று நினைத்தேன். பேனாவை மூடினேன். “தெரிவிக்கப்படுகிறதுன்னு இருக்கே டீச்சர், அது போதும்” என்றேன்.

டீச்சருக்கு அந்த வருஷம் பட்டம் கிடைக்கவில்லை. மேல்நிலை வகுப்புக்குப் பதவி உயர்வும் அவருக்கு அடுத்திருந்தவருக்குப் போயிற்று. மறு வருஷம் அம்பத்தூரில் வேறு யாரிடமோ அடித்துச் சமர்ப்பித்து வாங்கிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு அந்தக் கடிதத்தை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. முழுக்கப் படித்தார், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், மிஷின் மேல் வைத்தார். “ஏன் ரெஜினா, இதுலயும் யாரு சொன்னதுன்னு இல்லையே?”

அடுத்தவர் எழுத்தை அச்சு மாறாமல் லட்சக்கணக்கில் அடித்த என் விரல்களுக்கு, சொந்தப் பெயரின் மூன்று எழுத்தைப் போட மட்டும் அன்றைக்குச் சுளுக்கிக்கொண்டது.