முப்பது நாள் காவல்

என் மாமா வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பவர். அம்மாவின் தம்பி. திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம் இருந்த எங்கள் வீட்டின் பின்வளவில்தான் அவருடைய கராஜ். உப்புக்காற்றுத் தின்ற கதவுகளோடு வந்து சேருகிற வாகனங்கள், திரும்பும்போது கலியாணத்துக்குப் புறப்பட்ட மாதிரிப் போகும். பெயின்ற் அடிக்கிறவர்கள் ஊரில் வேறும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் அடித்த பெயின்றுக்குக் காவல் இருக்கிறவர் மாமா ஒருவர்தான். அந்த விஷயத்தில் அவரைப் போல இன்னொருவரை நான் இன்றுவரை காணவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் வந்தது. கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்த ஒரு பெரியவருடையது. அவருடைய வாப்பா ஓட்டிய கார் என்பதால் அதை ஒரு நாளும் விற்கமாட்டார். அவர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிற கிழமை காரைக் கொண்டுவந்து விட்டு, சாவியை மாமாவின் கையில் வைத்தார். "தம்பி, நான் வந்து பார்க்கக்குள்ள வாப்பா வாங்கின நாள் மாதிரி இருக்கணும்" என்றார். மாமா நெஞ்சில் கைவைத்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு கிழமையாகச் சுரண்டி, துரு நீக்கி, தேய்த்து, கடைசியில் கடும் நீலத்தில் பெயின்ற் அடித்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. தொட்டுப் பார்த்தால் பெயின்ற் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும், இறுகுவதற்கு முப்பது நாள் வேண்டும் என்பது மாமாவின் கணக்கு. அதுவரைக்கும் சவர்க்காரம் படக்கூடாது, பொலிஷ் போடக்கூடாது, துணியால் மூடவும் கூடாது. மூடினால் அதற்கு மூச்சு முட்டுமாம்.

மூடாமல் எப்படிக் காப்பாற்றுவது? மேலே உயரமாகக் கிடுகுப் பந்தல் போட்டார். மீன்பிடிக்கிற ஊரான சல்லிக்குப் போய் ஒரு பழைய மீன்வலையை வாங்கிவந்து, காரில் முட்டாமல் சுற்றிவரக் கட்டினார். காற்று வரும், காகம் வராது. எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப் போலத் திரிகிற மான்கள் வளவுக்குள் நுழைந்து எதையும் நக்கிப் பார்க்கிற பழக்கமுள்ளவை. அவற்றுக்கும் வலைதான் மறிப்பு. புழுதி எழும்பாமல் காலையும் மாலையும் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தார். காருக்குக் கிட்டப் போகும்போது மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி வைத்தார். மாமி வளையலோடு அந்தப் பக்கம் போகவே ஏலாது. கோயிலுக்கு ஒழுங்காகப் போகாத மனுசன் காருக்கு இவ்வளவு ஆசாரம் பார்க்கிறாரே என்று அம்மா சிரிப்பார்.

மாமி விடுவாரா? "முப்பத்தொண்டு கழியுமட்டும் ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ. உள்ள பச்சைப்பிள்ளை கிடக்கு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள்தான் பிரசவத் தீட்டான துடக்குக் கழியும். பெரியவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் அதை அப்படியே நம்பினேன்.

பெயின்ற் அடித்த ஆறாம் நாள் விஜயதசமி. காலையில் மாமி கராஜுக்குள் இருந்த அத்தனைக்கும் திருநீறு பூசிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். காற்றடிக்கிற கொம்பிரஷருக்கு, பெயின்ற் விசிறுகிற துவக்குக்கு, சுத்தியலுக்கு, மாமாவின் சைக்கிளுக்கு, என் கணக்குக் கொப்பிக்குக்கூட. வலைக்குள் நின்ற காருக்கு மாத்திரம் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாருக்கும் புதுச்சட்டை எடுத்துவிட்டு ஒரு பிள்ளையை மறந்ததுபோல எனக்கு இருந்தது. அதுவும் பச்சைப்பிள்ளை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்திருந்தார்கள். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வலைக்குக் கீழால் நுழைந்தேன். காரின் முன்மூடியான பொனற்றின் நடுவில் மூன்று விரலால் மூன்று கோடு இழுத்தேன். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கோணாமல் வந்தது. அன்று முழுக்க அந்தப் பெருமையிலேயே திரிந்தேன்.

அடுத்த நாள் காலை மாமா வலைக்குள் நின்ற கோலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கத்தவில்லை. வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, தேய்க்காமல் ஊற்றினார். திருநீறு போயிற்று, சந்தனம் போயிற்று. கோடுகள் போகவில்லை. பளபளவென்ற நீலத்தில் மூன்று கோடும் ஒரு வட்டமும் மங்கலாகப் பதிந்திருந்தன.

"நான்தான் வைச்சனான், மாமா. நீங்கள் எல்லாரும் மறந்திட்டீங்கள்" என்றேன்.

அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டார். "வடிவாத்தான் கீறியிருக்கிறாய், பிள்ளை" என்றார்.

அம்மா எனக்கு அடிக்க வந்தார். மாமா விடவில்லை. மாமிதான் அழுதார். இப்பவே தேய்த்து எடுக்க ஏலாதா என்று கேட்டார். முப்பது நாளுக்கு முதல் தேய்த்தால் முழுப் பொனற்றும் மங்கிப்போகும் என்றார் மாமா. திரும்ப அடிக்கலாமே என்றால், மழை தொடங்கிவிட்டது. அந்த ஈரத்தில் அடித்தால் பெயின்ற் வெளிறிப்போகும். மழை விடுவதற்குள் அந்தப் பெரியவர் வந்துவிடுவார்.

"ஹஜ்ஜுக்குப் போட்டு வாற மனுசன்ர காரில திருநீற்றுக் குறி. ஆர் என்ன கதை கட்டுவினமோ" என்றார் மாமி. ஊரில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் சின்ன விஷயங்கள் ஊதிப் பெருத்த காலம் அது. பிறகு தானே ஒரு வழியும் சொன்னார். "பிள்ளை தெரியாமல் செய்திட்டுது எண்டு உள்ளதைச் சொல்லுங்கோவன்."

"பிள்ளையின்ர பேர் இதில வரக்கூடாது" என்றார் மாமா. அதோடு அந்தக் கதை வீட்டில் நின்றுபோயிற்று. காவல் மட்டும் நிற்கவில்லை. கறை பட்ட காரையும் அதே கவனத்தோடு, மோதிரம் கழற்றி, மழை இல்லாத நாளில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

இருபத்தேழாம் நாள் பெரியவர் வந்தார். இப்போது ஹாஜியார். இரண்டு மகன்மாரும் கூட வந்தார்கள், உறவினர் சிலரும் வந்தார்கள். மாமா வலையைச் சுருட்டினார். காரைச் சுற்றி வந்த ஹாஜியாரின் முகம் மலர்ந்துகொண்டே போனது, பொனற்றுக்கு முன்னால் வரும்வரை.

மூத்த மகன்தான் முதலில் கேட்டார். "இது என்ன, அண்ணன்?"

"என்ர கைப்பிழை" என்றார் மாமா. "பெயின்ற் கரைக்கிற தின்னர் கூடிப்போச்சு. இன்னும் மூண்டு நாளில தேய்ச்சு எடுத்துத் தாறன்."

"இருவது வருசமா பெயின்ற் அடிக்கிற ஆளுக்கு இப்பிடிப் பிழை வருமா?" என்றார் மகன். கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெயின்றில் ஒரு மயிரிழை பிசகியது என்று யாராவது சொன்னாலே சண்டைக்குப் போகிற மாமா, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மாமா பொய் சொல்கிறார், அதுவும் தன் வேலையைப் பற்றியே சொல்கிறார். வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற மாமி என் தோளில் கிள்ளினார்.

ஹாஜியார் குனிந்தார். தன் மூன்று விரல்களை அந்தக் கோடுகளின்மேல் வைத்தார். விரல்கள் கோடுகளைவிட நன்றாகத் தடித்திருந்தன. மாமாவின் கைகளை ஒருமுறை பார்த்தார். அவை இன்னும் தடித்தவை. பிறகு மாமியின் சேலைக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"கைப்பிழைதான்" என்றார் நிமிர்ந்து. "மனிசன்ட கைக்குப் பிழை வாறதுதான். இனி ஒருத்தரும் அதைப் பத்திக் கதைக்க வேணாம்." மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்றுதான் நான் நினைத்தேன்.

ஹாஜியார் பையிலிருந்து மக்கத்துப் பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்தார். "இங்க வாங்க மகள், கையைக் காட்டுங்க" என்று என்னை முதலில் கூப்பிட்டார். நீட்டினேன். அவர் உடனே பழத்தைத் தரவில்லை. என் விரல்களைப் பிடித்து விரித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. பிறகு, வழிந்து கீழே விழுகிற அளவுக்கு என் கை நிறையப் பழங்களை வைத்தார். என் கையில் எத்தனை பழம் பிடிக்கும் என்று அளவெடுக்கத்தான் அவர் அவ்வளவு நேரம் பார்த்தார் என்று, கனகாலம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.