கழுத்தில் இருந்த நம்பர்

துபாயில் இருக்கிறவர்களிடம் போனில் நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் போடாத சட்டம். அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவான். கடைசியில், "வண்டி எப்பிடிடே இருக்கு?" என்பான். "ஜோரா இருக்குண்ணே" என்பேன். அந்த வண்டி எங்கள் கரமனை வீட்டுக் கிணற்றடியில், கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே ஐந்து வருஷ மழையையும் குடித்துத் துருப்பிடித்துக் கிடந்தது. வாலிபத்தில் அவன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் அது. கடைசியாக ஊருக்கு வந்தபோது, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வை என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நான் ஒரு மாசம் செய்தேன்.

போன வருஷம், வேலையை விட்டு ஒரேயடியாக வந்துவிடப் போகிறேன் என்றான். அவன் வருவதற்குள் வண்டியைப் புதுசாக்கிவிட்டால், இத்தனை நாள் சொன்ன பொய்யெல்லாம் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிடும். செல்போனில் வீடியோ பார்த்து நானே பிரித்தேன். கார்புரேட்டருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதையெல்லாம் ஒழுங்காகத்தான் சரிசெய்தேன். ஆனால் எமரித் தாளோடு உட்கார்ந்து துருவைத் தேய்க்க எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. ஒரு கிரைண்டரை வாங்கி வந்து ஃபிரேமைப் பளபளவென்று ஆக்கினேன். கறுப்புப் பெயிண்டும் அடித்தாயிற்று. அதற்குப் பிறகு வண்டியின் ஆர்.சி. பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் உறைத்தது. ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில் சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும். விரலால் தடவினேன். கிரைண்டரில் நம்பர் அழிந்து வழவழவென்று இருந்தது. அந்த நம்பர் இல்லாவிட்டால் அது அண்ணனின் வண்டிதான் என்று எந்த ஆபீஸும் ஒப்புக்கொள்ளாது.

அண்ணன் வந்தான். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பெட்ரோல் டேங்கை இரண்டு கையாலும் தடவினான். "பொன்னு மாதிரி நோக்கியிருக்கடே" என்றான். "நாளைக்கே ஆர்.சி. புதுக்கிருவோம். பொறவு கல்லாறு வரைக்கும் ஒரு போக்கு போவோம், கேட்டியா."

சாப்பிடும்போது சொல்லலாம் என்றிருந்தேன். சாப்பிட்டோம். காலையில் சொல்லலாம் என்றிருந்தேன். ஆர்.சி. முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாதென்று காலையில் குட்டியானை வேனைப் பிடித்து ஏற்றியபோதும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரி ஒருவேளை கழுத்தைப் பார்க்கமாட்டார் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

அவர் முதலில் பார்த்ததே கழுத்தைத்தான். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஒன்றும் விழவில்லை. "நம்பர் எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டார். திருட்டு வண்டியில்தான் இப்படி அழிப்பார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஆரா இது செய்தது?"

அண்ணன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஞான் தன்னெ, சாரே" என்றான். துருவைத் தேய்த்தபோது தன் கையால்தான் தெரியாமல் அழிந்துவிட்டது என்று மலையாளத்திலேயே கெஞ்சினான். தலை நரைத்த மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு திட்டு வாங்கினான். போலீஸ் விசாரணை முடிந்து கடிதத்தோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது வேனின் பின்னால் வண்டியைப் பிடித்தபடி நின்றோம். பழவங்காடி நெரிசலில் வேன் நின்றபோது அண்ணன் கேட்டான்.

"ஒனக்கு முன்னயே தெரியுமாடே?"

"தெரியும்ணே."

"வண்டி போனா போகட்டு. அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் 'நல்லா இருக்கா'ன்னுதான் போன்ல சொன்ன. நான் அத நம்பி லீவு கேக்காம இருந்தேன்."

சாவி கொடுத்த அந்தத் தடவை அவன் வந்து சேர்ந்தபோதே அம்மாவை எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவன் பதறக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று இதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அதைச் சொல்ல எனக்குப் பயம். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அவன் சமாதானமும் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை.

இப்போது அவன் எங்களோடுதான் இருக்கிறான். நன்றாகத்தான் பேசுகிறான். ஆனால் கடை திறந்திருக்கிறது என்று நான் சொன்னால்கூட, என் மனைவியிடம் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறான்.