மணியின் காதுப் பொருக்கு

கால்நடை மருத்துவரிடம் எந்த நோயாளியும் முதல் வைத்தியத்துக்கு வருவதில்லை. வேப்பெண்ணெய், சூட்டுக்கோல், பக்கத்து வீட்டு யோசனை எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். நாய் சாப்பிடாவிட்டால் தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் என் இனத்தவர்களே, தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் நான் கிளினிக் திறந்த புதிதில் வந்த மணியின் கதை உங்களுக்குத்தான்.

ஆட்டு வைத்தியம்

மணி, கழுகுமலைப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் சுப்பையா கோனாரின் கறுப்பு நாய். கிடையில் ஆடு சோர்ந்து படுத்தால் காது நுனியைக் கீறிக் கொஞ்சம் ரத்தம் இறக்குவார்கள். மணி படுத்ததும் அதே வைத்தியத்தை அதற்கும் செய்துவிட்டார். ஆட்டுக்கு நிற்கிற ரத்தம் மணிக்கு நிற்கவில்லை. வேட்டியைக் கிழித்துக் காதில் சுற்றி, நாயை ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரோடு மல்லுக்கட்டி வந்து சேர்ந்தார்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்து, அதில் கேழ்வரகைத் தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள். வயிற்றில் முடியை விலக்கினால் கருநீலத் திட்டுகள். பாம்புக்கடி இல்லை, எலி மருந்து தின்னவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். புதிதாக எங்கும் குத்தாமல், அவர் கீறிய காதிலிருந்தே ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வாங்கிக்கொண்டு, காதை இறுகக் கட்டினேன். கோனார் முகம் மலர்ந்தது. "பாத்தியளா, நான் கீறுனது ஒங்களுக்கு ஒதவியிருக்கு."

மேய்ந்த வேலி

ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஓடிப்போய் அடைப்பவை தட்டணுக்கள். மைக்ரோஸ்கோப்பில் அவற்றைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். உண்ணிக் காய்ச்சல் கிருமியும் தென்படவில்லை. ஒளிந்திருக்கலாம் என்று அதற்கும் ஒரு மாத்திரை எழுதினேன். ஆனால் என் சந்தேகமெல்லாம் வேறு. உடம்பைக் காக்க வேண்டிய படையே தட்டணுக்களை எதிரி என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது என்று கோனாரிடம் சொன்னேன். அவர் மணியின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்ப வேலியே பயிர மேயுது, அதானம்மா?"

ஊசி

அந்தப் படையை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தேன். கோனார் நகரவில்லை. ஊசி வேண்டுமாம். அந்த நிலையில் சதையில் ஊசி போட்டால் குத்திய இடத்திலேயே ரத்தம் கட்டிவிடும் என்று எடுத்துச் சொல்லியும் அவர் இறங்கிவரவில்லை. முறைக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணி செத்தால் அதோடு என் கிளினிக்கும் செத்தது என்று எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஊசியைத் தொடவில்லை. வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "ஊசி போடாத டாக்டருக்கு எதுக்கும்மா வெள்ளக் கோட்டு?"

பசி

கொடுத்த மாத்திரையிலேயே சில நாளில் மணியின் ஈறு சிவந்தது, புள்ளிகள் மறைந்தன. ஆனால் அந்த மாத்திரை அகோரப் பசியைக் கிளப்பும். கோனாரின் தூக்குவாளியை உருட்டிச் சோற்றைத் தின்றுவிட்டு, மணி இப்போது ஆட்டுக்குட்டிகளை ஒரு மாதிரியாகப் பார்க்கிறதாம். நாய் நன்றாக ஓடுகிறதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்க வந்திருந்தார். சட்டென்று நிறுத்தினால் வேலி மறுபடி மேயும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒங்க வார்த்தைக்காவக் குடுக்கேன். ஒரு ஆடு கொறஞ்சா ஒங்களத்தான் கேப்பேன்."

பொருக்கு

மாத்திரைகளெல்லாம் நின்று வெகுநாள் கழித்து, ஒரு சந்தை நாளில் கோனார் மணியோடு வந்தார். "காதுல உடைமுள்ளு கிழிச்சிட்டும்மா" என்றதும் பதறிப்போய்ப் பஞ்சை எடுத்தேன். அவர் என் கையைத் தடுத்து, காதைத் திருப்பிக் காட்டினார். கிழிந்த இடத்தில் காய்ந்த பொருக்கு. ரத்தம் தானாக நின்றிருந்தது. அதைக் காட்டத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பார்த்த இடமெல்லாம் தட்டணுக்கள். பெருமையில் அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே கோனார், காத்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பொருக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். "இவிய ஊசி போட மாட்டாவ. ஆனா ரத்தத்த நிப்பாட்டிருவாவ."

படித்து வாங்கிய பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பொருக்கைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கிருக்கும் ஒரே குறை.