இரண்டு லேடி ஹோல்ராய்டுகள்

நான் பள்ளிக்குப் போன பேருந்தை ஓட்டியவர் கிளிஃபோர்ட் ஹோல்ராய்ட். மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசனையும் அவருடைய சீட்டியும் சேர்ந்ததுதான் எங்கள் காலை. பிறகு எந்தெந்த நாட்டிலோ பேருந்து ஏறிவிட்டேன். ஏறும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஓட்டுநர் அவர் ஒருவர்தான்.

எங்கள் ஊரான ஹேதர்டனில் ஹோல்ராய்ட் என்றால் கம்பளி ஆலை. முதல் முதலாளிக்கு அரசர் கொடுத்த 'சர்' பட்டம் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி வந்தது. ஆலை மூடிக் குடியிருப்பானது, மாளிகையும் விலைபோனது. அந்தப் பேரன் சர் ஆம்ப்ரோஸ் பிள்ளையில்லாமல் இறந்தபோது மிச்சமிருந்தது பட்டம் மட்டும்தான். ஆண் வாரிசைத் தேடிக்கொண்டு போன அது, தூரத்துப் பங்காளியான கிளிஃபோர்டின் ஓட்டுநர் இருக்கையில் வந்து நின்றது.

ஊர் சும்மா விடுமா?

"சர் கிளிஃபோர்ட்! மார்க்கெட்டுக்கு ஒரு டிக்கெட்!"

"சர்ருகிட்டயும் சரியான சில்லறைதான் குடுக்கணும். ஏறுடா."

அவர் மனைவி மொரீன் எங்கள் பள்ளியில் மதிய உணவு பரிமாறுபவள். அவளுக்குத்தான் தலைகால் புரியவில்லை. "லேடி ஹோல்ராய்ட் கையால பட்டாணி வாங்குறீங்க, சிந்தாமத் தின்னுங்க!" என்று கரண்டியை ஆட்டுவாள்.

ஆனால் ஒரு சிக்கல். ஆம்ப்ரோஸின் மனைவி வீரா முதியோர் இல்லத்தில் இருந்தாள். புது சர்ருக்கு மனைவி இருந்தால் அவள்தான் லேடி ஹோல்ராய்ட். பழையவள் 'மூத்த லேடி' ஆகிவிட வேண்டும். அதுதான் முறை. சொல்லிவிட்டு வரலாமென்று, கஸ்டர்ட் பணியாரம் வாங்கிக்கொண்டு கிளிஃபோர்டும் மொரீனும் போனார்கள். நடந்ததைக் கிளிஃபோர்டே எனக்குச் சொன்னார்.

வீரா பணியாரத்தைத் தொடவில்லை. "என்னைக்கிலேருந்து நான் மூத்தவ?" என்றாள் எடுத்தவுடனே.

மொரீன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் அந்த ஆலையிலயே தறி ஓட்டினவம்மா. முதலாளி மகனைக் கட்டினதுக்கப்புறம் பக்கத்துத் தறிக்காரிங்க ஒருத்தியும் என்னை லேடின்னு கூப்பிடல. ஆலைய மூடின அன்னிக்கு வாசல்ல நின்னு ஒவ்வொருத்தி கையா புடிச்சேன். அன்னிக்குத்தான், 'போயிட்டு வரோம், லேடி ஹோல்ராய்ட்'னாங்க."

மொரீன் எழுந்து பணியாரத்தைத் தட்டில் வைத்து அவள் மடியருகே நகர்த்தினாள். "ஆறிப்போகுது, சாப்பிடுங்க, லேடி ஹோல்ராய்ட்."

வாரிசு எழுதிக் கேட்டுப் பதிந்துகொண்டால்தான் பட்டம் கைக்கு வரும்; கிளிஃபோர்ட் அதைக் கோரவே இல்லை. மறுநாளிலிருந்து பட்டாணி வெறும் பட்டாணியானது.

வீரா நூறை நெருங்கும்வரை இருந்தாள். மொரீன் அதற்கு முன்பே போய்விட்டாள்.

இந்த முறை ஊர் திரும்பியதும் கிளிஃபோர்டைப் பார்க்கப் போனேன். "இப்பவாவது பட்டத்த எடுத்துக்கலாமே?" என்று கேட்டேன்.

"நான் மட்டும் சர்ரா இருந்து என்ன பண்ண, கண்ணு?" என்றவர், தேநீரை ஊற்றிக்கொண்டே சிரித்தார். "ஆமா, அவ கரண்டிய ஆட்டிக்கிட்டு எப்படிச் சொல்லுவா? நீ கேட்டிருக்கியே, ஒரு தடவ சொல்லிக் காட்டு."

சொல்லிக் காட்டினேன்.